கரடி தாம்பரத்தில் இறங்கிய கதை

என் மனைவி செத்த வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும், சொல்லிவைத்த மாதிரி, ஒரே ஆறுதலைத்தான் சொன்னார்கள். "நல்ல வேளைப்பா, கொழந்த சின்னது. சீக்கிரம் மறந்துடும்." என் முதலாளி தோளைத் தட்டிச் சொன்னார். கீழ்வீட்டு ஆன்ட்டி கண்ணை மூடி ஜெபம் செய்து முடித்து, கண்ணைத் திறந்ததும் அதையே சொன்னார். ஒவ்வொருவர் வாயிலும் ஒன்று போடலாம் போலிருந்தது எனக்கு. மறப்பதில் என்னய்யா நல்ல வேளை? நான்கரை வருஷம் மாரிலும் தோளிலும் போட்டு வளர்த்தவளை அந்தப் பிள்ளை அடியோடு மறந்துவிடும் என்பது ஆறுதலா, சாபமா? ஆனால் அவர்கள் சொன்னது பொய்யில்லை. எனக்கே நான்கு வயதில் நடந்தது எதுவும் ஞாபகத்தில் இல்லை.

காலையில் பள்ளிக்கூடம் போகப் புடவை கட்டிக்கொண்டிருந்தவள், தலை வலிக்கிறது என்று கட்டிலில் உட்கார்ந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். மறுநாள் மதியத்துக்குள் எல்லாம் முடிந்துபோயிற்று. அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. நான் எழுத வந்தது ஒரு படப்புத்தகத்தைப் பற்றி.

அந்தப் புத்தகத்தை வாங்கியது கிழக்குத் தாம்பரத்தில், ஒரு கல்யாண மண்டபத்தில். முகூர்த்தம் இல்லாத மாதத்தில் மண்டபத்தை வாடகைக்கு எடுத்துப் பழைய இங்கிலீஷ் புத்தகங்களை எடைபோட்டு விற்பார்கள். வெளிநாட்டு நூலகங்கள் கழித்துக்கட்டியவை. முதல் பக்கத்தில் ஏதோ ஒரு ஊரின் முத்திரை இருக்கும். அந்தக் குவியலில் இருந்து என் மனைவி ஒரு பெரிய அட்டைப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பழுப்பு நிறத்தில் ஒரு கரடி, கையில் சிவப்புப் பெட்டி. எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் வெள்ளை வெளேரென்று பனி. கரடி ரயிலில் போகிறது, ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்கிறது, ரொட்டி விற்கிறவளிடம் வழி கேட்கிறது, மலை ஏறுகிறது, கடைசியில் குகைக்குள் போர்த்திக்கொண்டு தூங்குகிறது. பக்கத்துக்கு ஒரு வரி. மிஞ்சினால் இரண்டு.

"இதுல என்ன கதை இருக்குன்னு தூக்கிட்டு வர்ற?" என்றேன்.

"கதை இல்லாததுதான் வேணும். எவ்ளோ எடம் விட்டிருக்கான் பாருங்க" என்று பனியைக் காட்டினாள்.

அவள் குரோம்பேட்டையில் ஒரு மெட்ரிக் பள்ளியில் கணக்கு டீச்சர். பிள்ளைகள் தமிழில் பேசினால் டைரியில் எழுதி அனுப்புகிற பள்ளி அது. மாலையில் வீட்டுக்கு வந்து கைப்பையைக் கழற்றும்போதே சொல்வாள்: "நாள் பூரா இங்கிலீஷ்ல கத்திட்டு வர்றேன். வீட்டுல கரடியாவது தமிழ் பேசட்டுமே."

அப்படித்தான் பனியில் திரிந்த அந்தக் கரடி தாம்பரம் ஸ்டேஷனில் வந்து இறங்கியது. எங்கள் மகள் லேசில் சாப்பிடுகிற பிள்ளையில்லை. ஒரு வாய் வாங்கிக் கன்னத்தில் அதக்கிக்கொண்டு உலகத்தையே காக்கவைப்பாள். அதனால் ராத்திரிச் சாப்பாடு என்றால் கரடிப் புத்தகம். என் மனைவியின் மடியில் புத்தகம் விரிந்திருக்கும், வலது கையில் பருப்புச்சாதம் உருண்டையாகும். கரடி ஒரு அடி வைத்தால் இவள் ஒரு வாய் வாங்க வேண்டும். இதெல்லாம் நடக்கும் நேரத்தில் நான் போனில் இருப்பேன், இல்லையென்றால் குளித்துக்கொண்டிருப்பேன். காதில் விழும், மனதில் விழாது. கரடி தாம்பரத்தில் இறங்கியது வரைக்கும் எனக்குத் தெரியும். அதற்கு மேல் அது எங்கே போனது, என்ன செய்தது, ஒன்றும் தெரியாது.

காரியமெல்லாம் முடிந்து, உறவுக்கூட்டம் கலைந்து, என் அக்கா மட்டும் எங்களோடு தங்கினாள். அவளுக்குப் பிள்ளைகள் இல்லை, அத்தானும் இல்லை. பீர்க்கன்கரணையில் எங்கள் வீட்டுக்கு வந்து சமையலறையை எடுத்துக்கொண்டாள். ஒரு நாள் மாலை என் மகள் அந்தப் புத்தகத்தை இழுத்துக்கொண்டு வந்து என் மடியில் போட்டாள்.

"அப்பா, கரடி சொல்லு."

அம்மா போனபிறகு அவள் என்னிடம் வாய்திறந்து கேட்ட முதல் விஷயம் அது என்று நினைக்கிறேன். நான் ஆசையோடு புத்தகத்தைத் திறந்தேன். அச்சடித்திருந்த வரியைப் பார்த்துத் தமிழில் சொன்னேன். "கரடி ரயிலில் ஏறியது. அதற்குத் தூங்க ஓர் இடம் வேண்டும்."

"அப்படி இல்ல."

"இப்படித்தான் கண்ணு போட்டிருக்கு."

"அப்படி இல்லப்பா! கரடி மாமா எறங்குது. ஏறல. தாம்பரம் வந்துடுச்சு, எறங்குங்க எறங்குங்கன்னு எல்லாரும் தள்றாங்க."

அவள் சொன்ன "எறங்குங்க எறங்குங்க"வில் என் மனைவியின் குரல் அப்படியே இருந்தது. அந்த இழுப்பு, அந்தக் கேலி. போட்டோவில் இல்லாதது, பீரோவில் தொங்கும் புடவைகளில் இல்லாதது இந்தப் பிள்ளையின் வாயில் இருக்கிறது. மறந்துடும் மறந்துடும் என்று ஊரே சொன்னதே, இதோ மறக்கவில்லை. மறப்பதற்குள் பிடித்துவைத்துவிட்டால் போதும். வளர்ந்தபிறகு அவளுக்கே திருப்பிக் கொடுக்கலாம், இந்தா, இதுதான் உன் அம்மா என்று.

முதலில் என் போனையும் அவள் போனையும் கவிழ்த்துக் கொட்டினேன். எவ்வளவு வீடியோ! பிறந்தநாள் கேக், பள்ளி ஆண்டுவிழா, வண்டலூரில் ஒட்டகச்சிவிங்கி. எதிலும் என் மனைவி பேசவில்லை. அவள்தானே எல்லாவற்றையும் சத்தம் காட்டாமல் எடுத்தவள்? ஒரே ஒரு துணுக்கில் மட்டும், பாப்பா புது கவுனில் சுற்றிச்சுற்றி வருவதை நான் எடுத்தபோது, பின்னால் தட்டோடு உட்கார்ந்து அவள் கதையைத் தொடங்குகிறாள். "கரடி மாமா என்ன பண்ணுச்சு தெரியுமா..." அவ்வளவுதான். அதற்குள் என் போனில் யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள், வீடியோ நின்றுவிட்டது. எவன் கூப்பிட்டானோ, நாசமாய்ப் போக. அந்தத் துணுக்கை எத்தனை தடவை கேட்டேன் என்று எனக்கே தெரியாது.

ஆகவே மிச்சம் இருந்தது பிள்ளையின் ஞாபகம் மட்டும்தான்.

என் வேலையைச் சொல்ல வேண்டும். திருமுடிவாக்கத்தில் ஒரு சின்னப் பட்டறையில் தரப் பரிசோதனை. கடைசல் மெஷினிலிருந்து வரும் இரும்புத் துண்டுகளை அளந்துபார்த்துச் சரி, தப்பு என்று சொல்வது. நேற்று வந்த துண்டும் இன்று வந்த துண்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். மயிரிழை கூடினாலும் தள்ளிவைப்பேன். பதினைந்து வருஷமாக இதுதான் பிழைப்பு. பிழைப்பு மனுஷனின் கைக்குள் மட்டும் தங்குவதில்லை.

தினமும் மாலையில் வீடு திரும்பியதும் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, புத்தகத்தை விரித்து, போனில் ரெக்கார்டரைப் போட்டேன். முதல் சில நாள் அவள் கொட்டினாள். கரடி மாமா ஷேர் ஆட்டோவில் ஏறப்போகிறது. டிரைவர் அண்ணா சொல்கிறார், "இன்னா மாமே, நீ மூணு ஆளு சீட்ட பிடிக்கிறியே, மூணு பேர் காசு குடு." கரடிக்குக் கோபம். நடந்தே பீர்க்கன்கரணை ஏரிக்கு வருகிறது. பெட்டியைத் திறக்கிறது. பெட்டிக்குள் மழை இருக்கிறது.

"மழையா?"

"ஆமா, மழை. ஏரியில தண்ணி இல்லன்னு கொண்டாந்துச்சு."

அன்றைக்கு நான் சிரித்தேன். அழுதுகொண்டே சிரித்தேன் என்பதுதான் உண்மை. எவ்வளவு அழகாக யோசித்திருக்கிறாள், பாவி! பக்கத்து அறையில் இருந்துகொண்டு இதைக் கேட்காமல் எதைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன் நான்?

அடுத்த நாள் அதே பக்கத்தைக் காட்டிக் கேட்டேன். கரடி பஸ் ஏறிக் குன்றத்தூர் மலைக்குப் போனது என்றாள். பெட்டிக்குள் இட்லி இருந்தது என்றாள்.

"நேத்து ஏரிக்குப் போச்சுன்னியே?"

விழித்தாள்.

"பெட்டியில மழைன்னியே? நல்லா யோசிச்சுச் சொல்லும்மா. அம்மா என்ன சொன்னா? மழையா, இட்லியா?"

"...மழை."

"அப்ப இட்லி தப்பா?"

"தப்பு."

இன்றைக்கு அந்தப் பதிவைக் கேட்டால் என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அப்போது அது கேட்கவில்லை. அம்மா சொன்னது ஒன்றுதான் இருக்க முடியும், குழந்தை குழப்புகிறது, மறக்கத் தொடங்கிவிட்டது, சீக்கிரம் பிடித்தாக வேண்டும் என்கிற பதைப்பு மட்டும்தான் எனக்கு. இந்த ஊரில் எந்த அப்பன் படப்புத்தகத்தைப் பிள்ளையோடு சும்மா பார்த்திருக்கிறான்? விருந்தாளி வந்தால் இது என்ன சொல்லு, அது என்ன கலர் சொல்லு, மாமாவுக்குச் சொல்லிக்காட்டு. நமக்குப் புத்தகம் என்றால் பரீட்சைதான். நானும் அந்த ஊர்க்காரன்தானே.

பட்டறையில் என் புலம்பலைக் கேட்கிற ஆள் ஒருவன் உண்டு, வெல்டர், என் வயதுக்காரன். டீக்கடையில் வைத்து அவனிடம் சொன்னேன்.

"ஒரு பொஸ்தகத்துக்கு இன்னாத்துக்கு மச்சான் இம்மாம் பேஜாரு?" என்றான். "புச்சா ஒண்ணு வாங்கிக் குடு. கொழந்த அத்த பாத்துகினு இருக்கும்."

"புத்தகம் இல்லடா. அவ சொன்னது."

அவன் டீ கிளாஸைக் கீழே வைத்தான். "அவங்களே போய்ட்டாங்க மச்சான். அவங்க சொன்னது மட்டும் எங்க நிக்கப் போவுது?" என்று சொல்லிவிட்டுப் போனான். அவன்மேல் எனக்கு இரண்டு நாள் கோபம் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜன்னல் வெளிச்சத்தில் அந்தப் புத்தகத்தைக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தேன். பக்கமெல்லாம் சோற்றுக் கறை. மஞ்சள் மஞ்சளாகப் பருப்பு, ஓரத்தில் ரசம், ஓரிடத்தில் காய்ந்துபோன ஒரு பருக்கை ஒட்டிக்கொண்டே இருந்தது. மலைப்பக்கத்தில் கறை குறைவு. ரொட்டிக் கடைப் பக்கத்தில் சுமார். கரடி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பக்கத்தில்தான் இடமே இல்லை, அவ்வளவு கறை. அந்தப் பக்கத்தில் அவள் அதிகநேரம் நின்றிருக்கிறாள். கரடி ஒன்றும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருக்கிற படத்தில் அவ்வளவு நேரம் என்னதான் சொன்னாள்? விரலால் அந்த மஞ்சளைத் தொட்டுப்பார்த்தேன். அவள் விரல் பட்ட இடம். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

அன்று மாலை அந்தப் பக்கத்தையே பிள்ளையிடம் நீட்டினேன். அவள் படத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள். கொஞ்ச நாளாகவே அப்படித்தான். "கரடி பெஞ்சுல ஒக்காந்துச்சு..." என்று தொடங்கி, என் முகம் மலர்கிறதா சுருங்குகிறதா என்று பார்த்து, "அப்புறம் ஏரிக்குப் போச்சு?" என்று கேள்வியாகச் சொன்னாள்.

"இப்ப பெஞ்சுல என்ன நடந்துச்சு? அதச் சொல்லு."

"தெரியல."

"தெரியும் உனக்கு. யோசி."

உதடு பிதுங்கியது. "ஞாபகம் இல்லப்பா. ஸாரிப்பா. ஸாரி" என்று சொல்லிக்கொண்டே தேம்ப ஆரம்பித்துவிட்டாள்.

சமையலறையிலிருந்து அக்கா கரண்டியோடு வந்தாள். "என்னடா இது வூடா, போலீஸ் ஸ்டேஷனா? அம்மா இல்லாத கொழந்தய நிக்க வெச்சு விசாரிச்சுக்கினு இருக்கே!" பிள்ளையை இழுத்து இடுப்பில் தூக்கிக்கொண்டாள்.

"அவ சொன்ன கதை போயிடும்க்கா. இவளுக்கும் மறந்துபோயிட்டா ஒண்ணுமே இருக்காது" என்று நானும் கத்தினேன்.

"எந்தக் கதைடா? நான் இங்க வந்து தங்கறப்பல்லாம் பாத்திருக்கேன். ஒரு நாள் சொன்னது மறுநாள் சொல்ல மாட்டா. தட்டுல சோறு இருக்கிற வரைக்கும் கரடி நடக்கும். சோறு தீந்தா கரடி தூங்கிடும். அவ்ளோதான் அவ கதை. நெறைய சோறுன்னா குன்றத்தூர் வரைக்கும் போவும், கம்மியா இருந்தா ஸ்டேஷன்லயே படுத்துக்கும். சாதம் தொண்டைல சிக்கினா அந்தப் பெஞ்சுலயே ஒக்காந்து இருமும். இவ சிரிச்சு முழுங்குவா. அதப் போய் நீ அளந்துகினு இருக்கே."

மழையும் சரி, இட்லியும் சரி. ஏரியும் சரி, மலையும் சரி. பிள்ளை ஒருநாளும் குழப்பவில்லை. அவள் அம்மா சொன்ன மாதிரியேதான் அவளும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள், தினம் ஒன்றாக. அதைத்தான் நான் தப்பு, தப்பு என்று ஒவ்வொன்றாகத் தள்ளிவைத்து நிறுத்தியிருக்கிறேன். பிடித்துவைக்க அங்கே ஒரு கதை இருக்கவேயில்லை. ஒருத்தி இருந்தாள், அவள் பேசிக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். அவள் இல்லையென்றால் அதுவும் இல்லை. வெல்டர் டீக்கடையில் சொன்னதைத்தான் அக்காவும் சொல்கிறாள் என்று புரிந்தபோது, ஐயோ, என் மனைவி இரண்டாவது தடவை செத்துப்போன மாதிரி இருந்தது எனக்கு.

நானும் முயற்சி செய்யாமலில்லை. அடுத்த நாளே ரெக்கார்டரைத் தூக்கிப்போட்டுவிட்டு, தட்டில் சாதத்தைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்தேன். கரடி தாம்பரத்தில் இறங்கியது. இறங்கி ஜி.எஸ்.டி ரோட்டுக்கு வந்தது. வந்து... அதற்கு மேல் எனக்குச் சொல்ல வரவில்லை. சிலருக்கு அது கைவந்த கலை, எனக்கு நாக்கு இரும்பு. என் கரடி ரோட்டைக் கடக்கத் தெரியாமல் நின்றது. "அப்புறம்?" என்றாள் பிள்ளை, பயந்துகொண்டே. "அப்புறம் கரடி, நீ சீக்கிரம் சாப்பிடுன்னு சொல்லிச்சு" என்றேன். அவள் வாயைத் திறந்து அந்த ஒரு வாயை வாங்கிக்கொண்டாள். நல்ல பிள்ளை. என் மனம் நோகக்கூடாது என்று இன்னும் இரண்டு வாய் வாங்கினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள், "அப்பா, புக் வேணாம். போன் குடுக்கிறியா?"

கொடுத்தேன். அன்றிலிருந்து போனைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறாள். அதில் எல்லாமே ஓடும், யாரும் யாரையும் எதையும் கேட்க மாட்டார்கள். சோறு தன்பாட்டுக்கு உள்ளே போகிறது. உடம்பு கொஞ்சம் தேறியிருக்கிறது என்று அக்காவுக்குச் சந்தோஷம். கரடிப் புத்தகத்தை நான்தான் பரண்மேல் தூக்கிவைத்தேன். அதைப் பார்த்தாலே அவள் என் முகத்தைப் பார்க்கிறாள், அதை என்னால் தாங்க முடியவில்லை.

இப்போது அவள் ஒன்றாம் வகுப்பு. நன்றாகப் படிக்கிறாள். கணக்கில் கெட்டி என்று டீச்சர் சொன்னார்களாம், அம்மா மாதிரி. சாலையில் போகும்போது கடைப் பலகைகளை எல்லாம் எழுத்துக்கூட்டி வாசிக்கிறாள். அம்மாவைப் பற்றி அவளாக எதுவும் பேசுவதில்லை. நானும் கேட்பதில்லை, கேட்டால் பரீட்சையாகிவிடும் என்று பயம். ஊர் சொன்னது பலித்துவிட்டது என்று மட்டும் தெரிந்துகொண்டேன்.

போகிக்கு முன்னால் அக்கா பரணை ஒழித்தாள். பழைய சாமான்களோடு அந்தப் புத்தகமும் கீழே வந்தது. நான் மறைப்பதற்குள் பிள்ளை எடுத்துவிட்டாள். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முதல் பக்கத்தைத் திறந்து, வரிக்குக் கீழே விரலை வைத்து, பள்ளிக்கூட ராகத்தில் வாசிக்க ஆரம்பித்தாள். "தி... பேர்... காட் ஆன்... தி டிரெயின்." ஒவ்வொரு பக்கமாகப் போனாள். பெஞ்ச், ரொட்டி, மலை. கறைபடிந்த எழுத்துகளை நகத்தால் சுரண்டிப் பார்த்துப் படித்தாள். கடைசிப் பக்கத்தில் கரடி தூங்கியதும் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பயமில்லாமல் பார்த்தாள், ரொம்ப நாளைக்கப்புறம். "அப்பா, நானே முழுசாப் படிச்சிட்டேன்!"

"சூப்பர்டா கண்ணு" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். விடமுடியவில்லை. "அம்மா இத வேற மாதிரி சொல்லுவா. ஞாபகம் இருக்கா?"

கொஞ்சம் யோசித்தாள். "ம். தாம்பரம்னு சொல்லுவா."

இருக்கிறது! ஒரு சொல்லாவது இருக்கிறது. அக்காவும் ஒட்டடைக்குச்சியை இறக்கிவிட்டுத் திரும்பினாள்.

பிள்ளை புத்தகத்தை மறுபடி முதலிலிருந்து புரட்டினாள். பக்கம் பக்கமாக, வரி வரியாக, விரலை ஓட்டித் தேடினாள். கடைசி அட்டையைக்கூடத் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, யாருக்கும் கேட்கக்கூடாத விஷயத்தைக் கேட்கிற மாதிரி, என் பக்கம் சாய்ந்து கேட்டாள்.

"தாம்பரம்னு எங்கயுமே போடலயேப்பா. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாதா?"

அவள் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "பாவம் அம்மா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, புத்தகத்தை மூடிவிட்டு, ஒழித்துப்போட்ட குவியலில் வேறு ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கப் போனாள்.